நெல் இங்கே, அரிசி எங்கே: ஊர்ப் பணம் ஊருக்குள் சுற்றுவது எப்படி?

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஒரு மளிகைக் கடைக்குள் போய், அடுக்கி வைத்திருக்கும் அரிசி மூட்டைகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆரணி என்று ஒரு மூட்டை, காங்கேயம் பக்கத்து மில் முகவரியோடு ஒன்று, கர்நாடகப் பொன்னி என்று இன்னொன்று. ஊர் எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். அதில் விளைந்ததெல்லாம் சாக்கில் ஏறி, லாரியிலோ கூட்ஸ் வண்டியிலோ வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர்க்காரர்கள் அரிசியை வெளியூரிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறோம். ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

வட்டார வளர்ச்சி என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது, 'ஒரு பெரிய ஃபேக்டரி வந்தா நல்லா இருக்கும்' என்பதுதான். ஒரகடம் மாதிரி, ஓசூர் மாதிரி. டெல்டாவின் நிலைமை வேறு. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் (மயிலாடுதுறை அந்த ஆண்டுதான் நாகையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது), கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதற்குள் வருகின்றன. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு, தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை, எஃகு ஆலை, தோல் பதனிடும் ஆலை இவையெல்லாம் இங்கே வர முடியாது. வரக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன், இந்த மண்ணையும் தண்ணீரையும் இழந்துவிட்டு வேறு எதைச் சம்பாதித்தும் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துவிட முடியாது. பெரிய ஆலை வராது என்றால், படித்துவிட்டு வரும் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பஸ், விமானம் ஏறாமல் இருக்க இங்கே என்ன இருக்கிறது?

இருக்கிற சிறு தொழில்கள் இருக்கின்றன. அவற்றை வளர்ப்பதும், அதைவிட முக்கியமாக, ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடுவதும்தான் உள்ளூர்த் தொழில் வளர்ச்சி என்பது. 'கோத்துவிடுவது' என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

## பணம் எத்தனை கை மாறுகிறது?

ஒரு வட்டாரத்துக்குள் வெளியிலிருந்து பணம் வரும் வழிகள் சிலதான். டெல்டாவில் நெல் கொள்முதல் பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம், அரசுச் சம்பளமும் பென்ஷனும், கோயிலுக்கு வருகிறவர்கள் செலவழிப்பது, நாகை பக்கம் மீன், பேராவூரணி பக்கம் தேங்காய். வருகிற தொகை மொத்தத்தில் குறைச்சல் இல்லை. ஆனால் வந்த பணம் எவ்வளவு நேரம் ஊருக்குள் தங்குகிறது என்பதுதான் கேள்வி. வயலுக்கு எவ்வளவுதான் தண்ணீர் பாய்ச்சினாலும் வரப்பில் நண்டு வளை இருந்தால் காலையில் போய்ப் பார்க்கும்போது வயல் காய்ந்து கிடக்கும் அல்லவா, அதே கதைதான். இன்னொரு வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் வளையை அடைக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஊருக்குள் 100 ரூபாய் வருகிறது. வாங்கியவர் அதில் 60 ரூபாயை உள்ளூரிலேயே செலவழிக்கிறார், மீதி வெளியே போகிறது. அந்த 60-ஐ வாங்கியவரும் அதே விகிதத்தில் 36 ரூபாயை உள்ளூரில் செலவழிக்கிறார். அப்புறம் 21 ரூபாய் 60 காசு. இப்படியே கடைசி வரை கூட்டிக்கொண்டே போனால், 100 ரூபாய் ஊருக்குள் மொத்தம் 250 ரூபாய் வருமானமாக மாறியிருக்கும். சரி, 60-க்குப் பதிலாக ஒவ்வொருவரும் 20 சதவீதம்தான் உள்ளூரில் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 20, 4, 80 காசு. மொத்தம் 125 ரூபாய்தான். வந்த பணம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், பலன் ஒரு ஊருக்கு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு.

பொருளியலில் இதற்குப் பெருக்கி என்று பெயர். 1930-களில் ரிச்சர்ட் கான், அவருக்குப் பின் கெய்ன்ஸ் இருவரும் ஒரு நாட்டு அளவில் இதை எழுதினார்கள். பிற்பாடு லண்டனில் இருக்கும் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதையே ஒரு சிற்றூர் அளவுக்கு இறக்கி, முதல் மூன்று சுற்று செலவை மட்டும் விசாரித்தாலே போதும், ஊரின் நிலைமை ஓரளவு தெரிந்துவிடும் என்று ஒரு முறையை உண்டாக்கியது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒரு டிபன் கடைக்காரரிடம் அரிசி எங்கே வாங்குகிறீர்கள், பால் யார் ஊற்றுகிறார்கள், இலை எங்கிருந்து வருகிறது, பாத்திரம் யார் விற்றது, கடன் யாரிடம் என்று கேளுங்கள். அவர் கைகாட்டும் ஆட்களிடம் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது ஆளிடம் போவதற்குள் பாதிக் கேள்விகளுக்கு பதில் வெளியூராக இருக்கும்.

எல்லாவற்றையும் ஊரிலேயே செய்துகொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மோட்டார் பம்ப் கோயம்புத்தூரிலிருந்துதான் வரும், வரட்டும். டீசல், உரம், மருந்து, செல்போன் எதையும் நாம் இங்கே செய்யப் போவதில்லை. நம்மிடம் மூலப்பொருளும் இருந்து, வாங்குகிற ஆளும் இருந்து, நடுவில் ஒரு வேலை மட்டும் காணாமல் போயிருக்கிற இடங்கள் எவை என்று தேடுவதுதான் முதல் உத்தி. டெல்டாவில் அதைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம்.

## இட்லிக் கணக்கு

இட்லிக்கு என்ன வேண்டும்? அரிசி, உளுந்து. இரண்டும் இங்கே விளைகிறது. சாவித்திரி என்று சொல்லும் சி.ஆர். 1009 நெல் சம்பாவில் நம் பக்கம் நிறையப் போடுகிறார்கள், மோட்டா ரகம், இட்லிக்கு அதுதான் எடுப்பு. உளுந்தோ, சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, வயல் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கையில், நிற்கிற பயிருக்குள்ளேயே கையால் வீசி விதைத்துவிடுவார்கள். உழவு இல்லை, தனியாகத் தண்ணீர் இல்லை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து 70 நாளுக்குள் கைக்கு வந்துவிடும். மாசி, பங்குனியில் விவசாயி கையில் காசு பார்ப்பது இதில்தான்.

இப்போது இரண்டும் என்ன ஆகிறது என்று பாருங்கள். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. உளுந்து முழு உளுந்தாகவே வியாபாரி கைக்குப் போய், விருதுநகர் மாதிரி ஊர்களின் மில்களுக்குப் போகிறது. அங்கே தோல் நீக்கி, பாலிஷ் போட்டு, பாக்கெட்டில் அடைத்து, விதைத்த விவசாயி வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கே திரும்பி வருகிறது. அரிசியும் வேறு ஊர் மூட்டையில் வருகிறது. இரண்டையும் வாங்கி நாம் ஊறப்போடுகிறோம்.

நடுவில் போனது எவ்வளவு? நெல்லை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரிலிருந்து தமிழக அரசு கொடுத்த கொள்முதல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். 100 கிலோ நெல்லை அரைத்தால், ஆலையையும் ரகத்தையும் பொறுத்து, சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். 20 கிலோ உமி, 5-லிருந்து 8 கிலோ வரை தவிடு. அரிசி கடையில் கிலோ 50 ரூபாய் என்றே வைத்தாலும் 3,250. நெல் விலை போக 750 ரூபாய், மேலே உமிக்கும் தவிட்டுக்கும் வரும் காசு. இந்த 750-ஐயும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. நெல் அவிக்கிற ஆள் கூலி, கரண்ட், லாரி வாடகை, சாக்கு, வட்டி, கடைக்காரர் கமிஷன் எல்லாம் அதற்குள்தான். ஆனால் நான் சொல்ல வருவதே அதுதான்: அந்தக் கூலியும் வாடகையும் கமிஷனும் யாரோ ஒருவருடைய வருமானம், அந்த யாரோ ஒருவர் இந்த ஊரில் இல்லை.

தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் அரைத்த கையோடு அதில் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கி எண்ணெயைக் கெடுத்துவிடும். ஓரிரு நாளில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூடுபடுத்திப் பக்குவம் செய்து வைக்க வேண்டும். அதனால் ஒரு பகுதியில் பத்து இருபது ஆலைகள் நெருக்கமாக இருந்தால்தான் தவிட்டெண்ணெய்த் தொழிலுக்குக் கட்டுப்படியாகும், தனியாக ஒரு ஆலை இருந்தால் அதன் தவிடு மாட்டுத் தீவனமாகத்தான் போகும். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்கு வழி திறக்கும் என்று பொருளியல் புத்தகங்களில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் ஏன் இங்கே ஆலைகள் பெருகவில்லை? ஆலையே இல்லை என்று சொல்லவில்லை, இருக்கின்றன, அரசுக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் முகவர் ஆலைகளும் உண்டு. சொந்தமாக நெல் வாங்கி, சொந்தப் பெயரில் அரிசி விற்கிற ஆலைகள்தான் குறைவு. காரணங்கள் நியாயமானவை. நேரடிக் கொள்முதல் நிலையம் விவசாயிக்கு நிச்சயமான விலை தருகிறது, தரவும் வேண்டும், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆனால் அந்த விலைக்கு மேல் கொடுத்து வாங்கத் தனியார் ஆலைக்குக் காரணம் இருக்க வேண்டும். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலிலேயே இழுபறி, ஆலைக்காரருக்கோ காய வைக்கிற செலவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-லிருந்து நிலைமை சரியானது, 2024-ல் மறுபடி ஜூலை 28 ஆகிவிட்டது. கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஆலை போடுகிறவருக்கு அடுத்த ஆண்டு நெல் வருமா என்றே தெரியாது என்றால், அவர் காங்கேயத்தில் போட்டுவிட்டு எங்கிருந்து கிடைக்கிறதோ அங்கிருந்து வாங்கிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

ஆகவே பெரிய ஆலையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். உளுந்து உடைக்கிற சிறிய பருப்பு மில், சாவித்திரி நெல்லை மட்டும் அரைத்து 'இட்லி அரிசி' என்று ஐந்து கிலோ, பத்து கிலோ பையில் போடுகிற ஆலை, இரண்டையும் வாங்கி மாவாக விற்கிற மகளிர் குழு. மூன்றும் ஒரே ஒன்றியத்தில், ஒன்றிடமிருந்து ஒன்று வாங்குகிற மாதிரி. மாவு ஒரு நாள் இரண்டு நாள் சரக்கு, சென்னையிலிருந்து இங்கே கொண்டுவந்து போட்டியிடுவது லேசில்லை. பாரம்பரிய நெல்லில் இதற்கு ஒரு முன்மாதிரியே இருக்கிறது. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்து, விதைத் திருவிழாக்களில் விவசாயிகளுக்குக் கொடுத்தார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருங்குறுவையையும் விவசாயிகளே அரைத்து, அவலாக்கி, மாவாக்கி நேரடியாக விற்பது நின்றுவிடவில்லை. அந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவதில்லை, அதனாலேயே அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தொழில்கள் முளைத்திருக்கின்றன.

இதை முயற்சி செய்ய நினைக்கிறவர்கள் முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய இடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, பிறகு தஞ்சைக்கு வந்து, இப்போது நிஃப்டெம் என்ற பெயரில் இருக்கும் மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் நிறுவனம். மெஷின் வாங்குவதற்கு முன்னால் அங்கே உள்ள தொழில் காப்பகத்தில் சரக்கைச் செய்து பார்க்கலாம், பரிசோதனைக் கூடமும் உண்டு. இத்தனை வருடமாக நம் ஊரிலேயே இருக்கும் இந்த இடத்தை நம் ஆட்களில் பலர் வெளியே நின்று போர்டு பார்த்ததோடு சரி என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

## கை இங்கே, பொருள் வெளியே

சுவாமிமலைக்குப் போனால் இதற்கு நேர் எதிரான காட்சி. ஐம்பொன் சிலை என்கிறோம், செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் காவிரிக் கரையில் கிடைப்பதில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசுகிறார்கள். பட்டு மாதிரி இருக்கும் அந்த மண் மெழுகின் நகக்குறியைக் கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தடித்த மண், கம்பிக் கட்டு, காயவைத்தல், சூட்டில் மெழுகை உருக்கி வெளியே ஓடவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுதல். மண்ணை உடைத்து எடுத்த பிறகு உளி வேலை, அது வாரக்கணக்கில் போகும். ஒரு அச்சு ஒரு சிலைக்குத்தான்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் பித்தளை வெளியிலிருந்துதான். திருபுவனம் பட்டுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, சரிகை சூரத்திலிருந்து. ஆனாலும் இந்த ஊர்கள் நூற்றாண்டுகளாகப் பிழைத்திருக்கின்றன, காரணம் வேலை இங்கே நடக்கிறது. நெல் விஷயத்தில் பொருள் இங்கே இருக்கிறது, வேலை வெளியே நடக்கிறது. எது ஊரில் அதிகப் பணத்தைத் தங்கவைக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும்.

ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதன் பலனை ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளியலாளர் 1890-லேயே எழுதிவிட்டார். தொழிலின் ரகசியங்கள் காற்றில் கலந்துவிடும், பிள்ளைகள் தெரியாமலே கற்றுக்கொள்வார்கள் என்று சொன்னார். சுவாமிமலையில் அது மட்டும் இல்லை, உலோக வியாபாரி, மெழுகு விற்கிறவர், உளி தீட்டுகிறவர், பெட்டி செய்து பேக் பண்ணுகிறவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் இது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும், அந்த நடைமுறை தெரிந்த ஆளும் அங்கேயே கிடைப்பார். புதிதாக ஒருவர் பட்டறை போட வேண்டுமானால் இதெல்லாம் கையோடு கிடைக்கிறது. தொழில் வளர்க்க நினைக்கிற எந்த அரசும் அமைப்பும் இந்த மாதிரித் திரள்களைத் தேடிப் பிடித்து, அங்கே எது குறைகிறதோ அதை மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்: ஒரு பொது உலைக்கூடம், ஒரு பரிசோதனை வசதி, இளைஞர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுக்கு ஆகும் உதவித்தொகை. கட்டடம் கட்டி மெஷினை இறக்கிவிட்டு, அதை நடத்தப் போவது யார் என்று யோசிக்காமல் விட்டால் மெஷின் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

புவிசார் குறியீட்டைப் பற்றிச் சுருக்கமாக, அதாவது ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பைப் பற்றி. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, திருபுவனம் பட்டு, சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் விளக்கு, 2025-ல் கும்பகோணம் வெற்றிலை என்று டெல்டாவுக்கு வரிசையாகக் கிடைத்திருக்கிறது. சந்தோஷமான விஷயம். ஆனால் அந்தக் குறியீடு சங்கத்தின் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. உற்பத்தி செய்கிற ஒவ்வொருவரும் தன் பெயரை 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று பதிவு செய்தால்தான் சட்டப்படி அந்தக் குறியீட்டைத் தன் சரக்கில் போட முடியும். அது பலருக்குத் தெரியாது. உங்கள் ஊரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

## யார் வாங்குவார்கள்?

சரக்கு செய்துவிடலாம், விற்பதுதான் பாடு என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான பேச்சு. அதற்கு ஒரு வழி, ஏற்கெனவே ஊருக்குள் மொத்தமாக வாங்குகிறவர்களைப் பிடிப்பது. மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழக விடுதிகள், கோயில் அன்னதானம், பள்ளிகள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டதே நம் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்டில். தினமும் ரவையும் சேமியாவும் காய்கறியும் பருப்பும் வேண்டும். கிராமங்களில் சமைப்பது உள்ளூர் மகளிர் குழுப் பெண்கள். சமையல் கூலி ஊரில் தங்குகிறது, சரி, பொருளில் எவ்வளவு ஊரிலிருந்து வாங்க முடியும் என்று பார்த்தால் அடுத்த படி.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஒரு ஊர். 2011-ல் அங்கே வருவதாக இருந்த ஒரு பெரிய வணிக வளாகத் திட்டம் கைவிட்டுப் போனது. இனி வெளியிலிருந்து யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை என்று தெரிந்ததும், நகராட்சியும் கல்லூரியும் காவல் துறையும் உட்கார்ந்து தாங்கள் எங்கெங்கே என்னென்ன வாங்குகிறோம் என்று பட்டியல் போட்டார்கள். பெரும்பகுதி வெளியே போவது தெரிந்தது. பெரிய ஒப்பந்தங்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, உள்ளூர்க்காரர்களும் போட்டியிடுகிற மாதிரி செய்தார்கள். சில ஆண்டுகளில் உள்ளூர்க் கொள்முதலின் பங்கு நன்றாகவே உயர்ந்தது. ஊர்ப் பாசத்தில் தரமில்லாததை வாங்கச் சொல்லவில்லை அவர்கள். சிறிய ஆள் டெண்டருக்குள் நுழையவே முடியாதபடி இருந்த அளவைத்தான் மாற்றினார்கள்.

பெரிய இடத்தில் விற்றால் இன்னொரு சங்கடம், காசு வர மாதக்கணக்காகும். இதற்குச் சட்டம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளரிடமோ சேவை தருகிறவரிடமோ வாங்கினால், எழுத்தில் எந்தக் கெடு போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதார் வைத்து இணையத்தில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

## கடன்

டெல்டாக் கடைகளில் ஒரு பற்று நோட்டு இருக்கும். ஆடியில் வாங்கின உரமும் மளிகையும் 'அறுப்பு முடிஞ்சதும் தர்றேண்ணே' என்ற சொல்லோடு அதில் ஏறும், தையில் கழியும். ஆறு மாதம் அந்தக் கடைக்காரர்தான் ஊருக்கு வங்கி. அவருக்குச் சரக்கு எடுக்கப் பணம் வேண்டுமே, அவர் தண்டலுக்கோ வட்டிக்கோ போகிறார். ஒரு பக்கம் இப்படி. இன்னொரு பக்கம் வெளிநாட்டுப் பணம் பக்கத்துத் தெரு வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கிறது. ஒரு மாவட்டத்தில் வாங்கிய வைப்பில் எவ்வளவு அதே மாவட்டத்தில் கடனாகத் திரும்பியது என்பதைக் கடன்-வைப்பு விகிதம் என்பார்கள், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி ஒவ்வொரு காலாண்டும் கணக்குப் பார்க்கிறது. அந்த எண் குறைவாக இருந்தால், ஊர்ப் பணம் வேறு எங்கோ தொழில் நடத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்திரிகையாளர்களும் வணிகர் சங்கங்களும் நம் பகுதியில் கேட்க வேண்டிய முதல் எண் இது.

ஊரே சேர்ந்து ஊருக்கு வங்கி வைத்த அனுபவம் நமக்குப் புதிதில்லை. 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க், தலைமை அலுவலகம் இன்னும் கும்பகோணத்தில்தான்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மானியத்தோடு மெஷின் கடன் கிடைக்க மாவட்டத் தொழில் மையத்தில் பல திட்டங்கள் உண்டு, தற்போது எது திறந்திருக்கிறது என்று நேரில் போய்க் கேட்பது நல்லது. ஆனால் சிறு தொழில் முடங்குவது பெரும்பாலும் மெஷின் இல்லாமல் இல்லை, நடைமுறை மூலதனம் இல்லாமல். உளுந்து வருடத்தில் ஒரு பருவம்தான் வரத்து. அப்போது மொத்தமாக வாங்கி வைக்கக் கையில் காசு இல்லையென்றால், பருப்பு மில் சித்திரையில் ஓடிவிட்டு ஆவணியில் நின்றுவிடும். திட்ட அறிக்கை எழுதும்போதே ஆறு மாதச் சரக்குக்கான தொகையைச் சேர்த்துக் கேளுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினராக இருந்தால் இது கொஞ்சம் இலகு, கிட்டங்கியில் வைத்த சரக்கின் மேல் ரசீதுக் கடன் வாங்கலாம், சரக்கைக் கட்டி வைத்து விலை பார்த்து விற்கலாம். தனி ஆளாக இருந்து வியாபாரியிடம் பேரம் பேசுவதற்கும், முந்நூறு பேர் சேர்ந்து ஒரு லோடு சரக்கோடு பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## வருகிறவர்கள்

கடைசியாக, வெளியிலிருந்து பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறவர்கள். பெரிய கோயில், தாராசுரம், நவக்கிரகத் தலங்கள், வேளாங்கண்ணி, நாகூர். வேனில் வந்து ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கே விட்டுவிட்டுப் போவது அர்ச்சனைத் தட்டும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். ஒரு இரவு தங்கினால் கணக்கே மாறும். இரவு டிபன், காலை டிகிரி காபி, ஒரு ஆட்டோ, சுவாமிமலைப் பட்டறையில் வேடிக்கை பார்த்துவிட்டு வாங்கிய ஒரு சின்னப் பிள்ளையார். அதற்குச் சுத்தமான அறையும், கழிவறையும், நம்பிப் போகக்கூடிய வண்டியும் வேண்டும், அவ்வளவு பெரிய முதலீடு இல்லை.

2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது, 2016-க்குப் பிறகு. லட்சக்கணக்கில் கூட்டம் வரும். தீர்த்தம் எடுக்கச் செம்பு வேண்டும், பிரசாதம் வேண்டும், பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் துணிப்பை வேண்டும், வெற்றிலை, விளக்கு, சாப்பாடு, தங்க இடம். இவற்றில் எதெல்லாம் டெல்டாவுக்குள்ளேயே செய்ய முடியும், யார் செய்வார்கள், எத்தனை உருப்படி என்று வணிகர் சங்கமும் மகளிர் குழுக் கூட்டமைப்பும் பாத்திரப் பட்டறைக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதிப் பார்க்க இப்போதே நேரம் அதிகம் இல்லை. துணிப்பை தைக்கும் ஒரு குழுவுக்கு 2027 ஆடிக்குள் ஆர்டர் கையில் இருந்தால்தான் மெஷினுக்குக் கடன் வாங்கி, ஆள் பழக்கி, துணி எடுத்து, மாசிக்குள் சரக்கு கொடுக்க முடியும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் பை வெளியூரிலிருந்து லாரியில் வரும்.